புதுப்பித்த டாட்சன் 240இசட்டில் மங்கிய விளக்குகள்

விற்பனைக்காக முழுவதும் புதுப்பித்த 1972 டாட்சன் 240இசட் காரில் முகப்பு விளக்குகள் மங்கலாகவே எரிந்தன. இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் அதே தாளத்தில் துடித்தது. பேட்டரி, ஆல்டர்னேட்டர், விளக்குச் சுவிட்ச் என ஒவ்வொன்றாக மாற்றியும் பயனில்லை. தொடர்பில்லாத மின்சுற்றுகள் ஒன்றையொன்று பாதித்தால் எர்த்தை, அதாவது எல்லா மின்சுற்றுகளும் கார் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் பொது இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் மல்டிமீட்டரின் ஓம் (மின்தடை) அளவீடு குறை எதையும் காட்டவில்லை, ஏனெனில் அச்சோதனையில் பாயும் மின்னோட்டம் மிகச் சொற்பம்.

விளக்குகளை எரியவிட்டபடியே பேட்டரியின் எதிர்மின்முனைக்கும் (நெகட்டிவ்) கார் உடலுக்கும் இடையே அளந்தபோதுதான் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல இணைப்பில் அது 0.2 வோல்ட்டைத் தாண்டாது. எர்த் போல்ட்டைக் கழற்றினால், எர்த் ஒயர் முனையிலுள்ள வளையத்தின் அடியில் புதுப் பெயின்ட் கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. மின்சாரம் போல்ட்டின் மரை வழியாக மட்டுமே சென்றிருக்கிறது. அந்த இடத்தை வெறும் தகடு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, துரு ஏறாதிருக்க மேலே கிரீஸ் பூசியதும் கோளாறு முற்றிலும் நீங்கியது, பெரும் நிம்மதி.