கவட்டி வலிக்கு ஆபரேஷன்: கபடி ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் போட்டிகள் முடிந்ததும் காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துப் பையன்கள் கவட்டியைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பிப்பார்கள். வார்ம்-அப் செய்யாதது, வலியோடு ஆடியது எல்லாம் அவர்களுக்கே தெரியும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு ஆபரேஷன் என்று கிளம்பும்போது செய்யும் தவறுகளைத்தான் சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் புதுப் பையன்கள் அதையே செய்கிறார்கள்.

ஸ்கேனில் ‘சின்ன ஹெர்னியா’ என்றதும் தேதி குறிப்பது

இதற்கு இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. குடியாத்தம் பையன் ஒருவன், நல்ல ரெய்டர். போனஸுக்குக் காலை நீட்டினால் உட்தொடையில் சுரீரென்று இழுக்கும். ஸ்கேன் சொன்னது ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். அப்பா தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி ஆபரேஷன் செய்யவைத்தார், அடிவயிற்றுச் சுவரைத் தாங்க உள்ளே வலை வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துக் களத்தில் இறங்கினான். அதே வலி.

மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டிகளுக்கு நடுவே என் கையை மடக்கி வைத்து, “நசுக்குற மாதிரி அழுத்து தம்பி” என்றேன். “அண்ணா, அங்கதாண்ணா!” என்று துடித்தான். அவன் விரல் வைத்தது உட்தொடைத் தசை இடுப்பெலும்பில் ஒட்டும் இடம். தழும்பு அதற்கு மேலே. காசே ஆகாத இந்தப் பரிசோதனையை யாரும் அவனுக்கு முன்பே செய்யவில்லை.

2014-ல் டோஹாவில் கூடிய நிபுணர்கள் இந்த வலியை உட்தொடைத் தசை, இடுப்பை மடக்கும் தசை, அடிவயிற்றின் ஹெர்னியா பாதை, முன் இடுப்பெலும்பு என்று பிரித்தார்கள். இடுப்பு மூட்டு தனி. ஒரே ஆளுக்கு இரண்டு சேர்ந்தும் வரும். வலை பொருந்துவது மூன்றாவதுக்கு: இருமினால், தும்மினால், படுக்கையிலிருந்து எழுந்தால் வலி மேலே குத்தும். அந்தப் பாதையின் பின்சுவர் தளர்ந்திருக்கும், உண்மையான ஹெர்னியா பெரும்பாலும் இருக்காது. சரியான ஆளுக்குச் செய்தால் பலன் உண்டு. 2011-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் ஆபரேஷன் செய்த 30 பேரில் 27 பேர் மூன்று மாதத்தில் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். செய்யாத 30 பேரில் 8 பேர்தான். ஆனால் உட்தொடைத் தசைநாரை வலை சரிசெய்யாது.

மசாஜை ‘பிசியோ பார்த்தாச்சு’ என்று கணக்கில் வைப்பது

உட்தொடைக்கு மருந்து பலப்பயிற்சிதான். ஹோல்மிக் என்ற மருத்துவர் 1999-ல் வெளியிட்ட டென்மார்க் ஆய்வில் 8 முதல் 12 வாரம் பயிற்சி செய்தவர்களில் 23 பேர் வலியில்லாமல் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். மசாஜ், லேசர், மின்சிகிச்சை பெற்றவர்களில் 4 பேர்.

இடுப்பு மூட்டை மறப்பது

முட்டியை மடக்கிக் காலை உள்பக்கம் திருப்பும்போது கவட்டியில் வலித்தால் இடுப்பு மூட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுபவர்கள் வலியைப் பொறுத்துக்கொள்வது

கால் ஊன்றினாலே வலி, ராத்திரியிலும் வலி என்றால் தொடையெலும்பின் கழுத்தில் விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. காட்டும். அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். விரிசல் விலகிவிட்டால் எலும்புத் தலைக்கு ரத்தம் போவதே கெடும்.

வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஃபைனல் ஆடுவது

வேண்டாம்.

தையல் ஆறியதும் ரெய்டு

முதலில் நடை, பிறகு நேர் ஓட்டம், அதன்பின் வெட்டித் திரும்புவது. காலை நீட்டித் தொடுவது கடைசி. முட்டியை அழுத்தும்போது வலி இருக்கும்வரை களத்துக்கு வெளியேதான் பயிற்சி.