பழைய காட்டலிஸ்ட் தளத்தை 5.9க்கு மாற்றும்போது

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் காட்டலிஸ்ட் என்ற பெர்ல் வெப் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய பழைய தளத்தைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு.

காட்டலிஸ்ட் 5.9 வரிசையில் தனித்தனி சர்வர் எஞ்சின்கள் போய், எல்லாமே பிளாக் (Plack, தளத்தையும் வெப் சர்வரையும் இணைக்கும் பெர்ல் கருவி) வழியாக ஓடுகின்றன. முதலில் பழைய எஞ்சினை அழைக்கும் 'செட்டப்_எஞ்சின்' வரியை எடுத்துவிடுங்கள். ப்ரீஃபோர்க் எஞ்சின் வைத்திருந்தால் அதற்குப் பதில் ஸ்டார்மேன் என்ற சர்வரைப் போடுங்கள்.

தளத்தை பிளாக்கிடம் கொடுக்கும் பிஎஸ்ஜிஐ ஃபைலில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'பிஎஸ்ஜிஐ_ஆப்' மட்டும் கொடுத்தாலும் தளம் ஓடும். ஆனால் முன்னால் என்ஜின்எக்ஸ் (nginx) ப்ராக்ஸி சர்வராக அதே மெஷினில் இருந்தால், வருபவர் எல்லோருடைய ஐபியும் 127.0.0.1 என்றே லாக்கில் பதியும். லிங்க்குகளிலும் 5000 போர்ட் ஒட்டிக்கொண்டு வரலாம். எனவே 'பிஎஸ்ஜிஐ_ஆப்' என்பதை 'அப்ளை_டிஃபால்ட்_மிடில்வேர்ஸ்' என்பதற்குள் போட்டுக் கொடுங்கள். என்ஜின்எக்ஸ் வேறு மெஷினில் என்றால் கான்ஃபிக்கில் 'யூஸிங்_ஃப்ரன்ட்எண்ட்_ப்ராக்ஸி' 1 ஆக இருக்க வேண்டும்.

தமிழ்த் தளத்துக்கு இன்னொரு சிக்கல், இதைக் கட்டாயம் பாருங்கள். 5.90080 முதல் யுடிஎஃப்-8 என்கோடிங் (எழுத்தை பைட்டாக மாற்றும் முறை) தானாகவே இயங்கும். பழைய கோடில் நீங்களே என்கோடு செய்திருந்தால் இரண்டு முறை ஆகிவிடும். 'வேலூர்' என்ற சொல் 18 பைட். பக்கத்தை கர்ல் (curl) கமாண்ட் வைத்து எடுத்துப் பாருங்கள், அந்தச் சொல் 36 பைட்டாக வந்தால் இதுதான் கோளாறு. உங்கள் என்கோடு வரியை நீக்குவதே சரி. அவசரத்துக்கு கான்ஃபிக்கில் என்கோடிங்கை 'அன்டெஃப்' ஆக்கலாம்.