பல் மருத்துவரின் நாற்காலியை விட்டு எழும் முன்

பல் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின் நாள்கணக்கில் படுத்தும் குறைகள் பலவற்றை, நாற்காலியில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். சற்று உயரமாக நிற்கும் ஃபில்லிங், பக்கத்துப் பல்லைத் தொடாத கேப் (பல்லின் மேல் உறை போல மாட்டுவது), நிறம் பொருந்தாத முன்பல் ஒட்டு எல்லாமே அப்போதே சொன்னால் ஐந்து நிமிட வேலை. சங்கடப்பட்டு "சரியா இருக்கு டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டால் அதே குறைக்கு இன்னொரு நாள் அலைய வேண்டும், சில சமயம் போட்டதையே உடைத்தெடுத்து மறுபடி செய்ய வேண்டும். எந்தச் சிகிச்சையில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதுதான் இங்கே.

எதை முதலில் செய்வது

இரண்டு சொத்தை, ஈறில் ரத்தம், உடைந்த பல் ஒன்று, போதாக்குறைக்குப் பல் வெள்ளையாக வேண்டும் என்ற ஆசை என எல்லாம் ஒரே வாயில் இருப்பது சாதாரணம். வலியையும் சீழையும் முதலில் தீர்க்க வேண்டும். அடுத்தது கிளீனிங். ரத்தம் கசியும் ஈறுக்கு ஓரமாக வைக்கும் ஃபில்லிங் சரியாக ஒட்டாது, கேப்புக்கு எடுக்கும் அளவும் துல்லியமாக வராது. பிறகு சொத்தை அடைப்பு, கேப். அழகு வேலைகள் கடைசியில்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வெண்மையாக்கும் எண்ணம் இருந்தால், முன்பல்லில் ஃபில்லிங்கோ கேப்போ வைப்பதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். பல் வெளுக்கும், ஃபில்லிங்கும் கேப்பின் செராமிக்கும் வெளுக்காது. வெளுத்த பிறகு குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விட்டே ஒட்டு வேலை செய்ய வேண்டும். பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பசையின் பிடிப்பைக் குறைக்கும், நிறமும் அதற்குள் நிலைபெற்றிருக்காது.

சாப்பிடும் மருந்துகளை முதல் நாளே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காக நீங்களாகவே நிறுத்தக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆலெண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் ஆசிட் போன்றவை எடுப்பவர்கள் அதை மறந்துவிடுவது வழக்கம். அந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும். செயற்கை இதய வால்வு இருந்தால் சில சிகிச்சைகளுக்கு முன்பே ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

கிளீனிங்

பல்லில் படியும் மென்மையான அழுக்கை பிரஷ் எடுத்துவிடும். அது இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷால் முடியாது, அதிரும் முனையுள்ள ஸ்கேலர்தான் வேண்டும். கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அந்த இடைவெளி காரை அடைத்துக்கொண்டிருந்த இடம். ஆட்டமும் எலும்பு ஏற்கெனவே கரைந்ததால் வந்தது. காரை சிமென்ட் போலப் பற்களைக் கட்டி வைத்து அதை மறைத்திருக்கும், அவ்வளவுதான். வேரோரம் திறந்துகொள்வதால் சில நாள் கூச்சம் இருக்கும்.

கேட்க வேண்டியது ஒன்று: ஈறின் பை எவ்வளவு ஆழம்? அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியால் பல்லைச் சுற்றி அளப்பார்கள். 3 மி.மீ. வரை சரி. 4 மி.மீ.க்கு மேல் ரத்தமும் வந்தால் மேலோட்டமான கிளீனிங் போதாது, ஈறுக்குக் கீழே வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அளக்காமல் பளபளவென்று பாலிஷ் மட்டும் போட்டு அனுப்பினால் ஈறு நோய் உள்ளே தன் போக்கில் நடந்துகொண்டே இருக்கும்.

சொத்தை அடைத்தல்

பல்லின் கெட்டியான மேலோடான எனாமல் மேல் சுண்ணாம்புத் தீற்றல் போல வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்து, குழி விழாதிருந்தால் டிரில் தேவையில்லை. ஃபுளோரைடும் சுத்தமும் அதை அங்கேயே நிறுத்தலாம். குழி விழுந்து, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினுக்குள் போய்விட்டால் ஃபில்லிங்.

பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட்தான் இன்று அதிகம். அழகானது, ஆனால் ஈரத்தை ஒத்துக்கொள்ளாது. கிளாஸ் அயோனோமர் என்ற இன்னொரு அடைப்புப் பொருள் ஈரத்தைச் சற்றுப் பொறுக்கும், ஃபுளோரைடும் கசியும். கடிக்கும் விசையைத் தாங்குவதில் பலவீனம் என்பதால் குழந்தைப் பற்களுக்கும் ஈறோரக் குழிகளுக்கும் ஏற்றது. பழைய வெள்ளி அமால்கம் பற்களில் உறுதியாக இருந்தால், நிறத்துக்காக மட்டும் அதைத் தோண்டி எடுப்பது நல்ல பல்லையும் சேர்த்து இழப்பது.

காம்போசிட் வைக்கும்போது நடப்பது இது:

1. மரத்துப்போக ஊசி. லிக்னோகெய்ன் 2 சதவீதம் வழக்கமானது. பல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உணர்வுக்கு வரும், உதடு இன்னும் தாமதமாகும்.
2. சொத்தையை எடுத்தல்.
3. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, அல்லது பஞ்சு வைத்து, எச்சில் படாமல் காத்தல்.
4. 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல் சுமார் 15 விநாடி. கழுவி, பசை தடவி, ஒளியில் இறுக்குதல்.
5. 2 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொன்றையும் நீல ஒளியில் சுமார் 20 விநாடி இறுக்குதல்.
6. கடி பார்த்து, தேய்த்து, பாலிஷ்.

கோளாறு பெரும்பாலும் மூன்றாவதிலும் ஐந்தாவதிலும்தான். அமிலம் வைத்த இடத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் பசை பிடிக்காது, ஓரத்தில் கசிந்து அடியில் மறுபடி சொத்தை விழும். சாதாரண காம்போசிட்டை ஒரே உருண்டையாகத் திணித்தால் ஒளி அடிவரை போகாது, அடியில் மெத்தென்றே கிடக்கும். இறுகும்போது காம்போசிட் சுருங்கும் என்பதால் சுவரிலிருந்து விலகி இடைவெளியும் உண்டாகும். சிகிச்சை நடக்கும்போது கன்னப் பக்கத்துப் பஞ்சு நனைந்து தொளதொளப்பது உங்களுக்குத் தெரியும். கையைத் தூக்கிச் சைகை காட்டுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எழுவதற்கு முன் இரண்டு சோதனை. முதலாவது கடி. மெல்லிய நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். சாய்ந்து படுத்தபடி கடித்தால் தாடை பின்னுக்குப் போய்விடும், எனவே நாற்காலியை நிமிர்த்தச் சொல்லிக் கடியுங்கள். வாய் மரத்திருக்கும்போது புது ஃபில்லிங் இடிக்கிறதா என்று கேட்டால் தெரியாது, ஆகவே மரக்காத பக்கத்தைக் கவனியுங்கள். அந்தப் பக்கப் பற்கள் முன்பு போலவே ஒன்றையொன்று தொடுகின்றனவா? தொடவில்லையென்றால் புது ஃபில்லிங்தான் தடுக்கிறது. டக் டக்கென்று கடித்தபின் பக்கவாட்டில் அரைத்தும் பாருங்கள்.

இரண்டாவது, இரண்டு பற்களுக்கு இடையில் ஃபில்லிங் என்றால் ஃபிளாஸ் நூலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு தடையோடு 'டிக்' என்று இறங்கினால் சரி. தடையே இல்லாமல் வழுக்கி இறங்கினால் தொடுகை இல்லை, ஒவ்வொரு வேளையும் அங்கே உணவு சிக்கும். நூல் கிழிந்து பிசிறு பிசிறாக வந்தால் ஓரம் துருத்திக்கொண்டிருக்கிறது.

காம்போசிட் அப்போதே இறுகிவிடும். உணவுக்குக் காத்திருப்பது மரப்பு போவதற்காக மட்டும். குழந்தைகள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், அதில் கண் வையுங்கள். அமால்கம் என்றால் ஒரு நாள் அந்தப் பக்கம் கெட்டியாக எதையும் கடிக்காதீர்கள். குளிர்ச்சி பட்டுச் சுருக்கென்று ஒரு நொடி கூசுவது ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துகொண்டே வரும். கடிக்கும்போது மட்டும் வலித்தால் ஃபில்லிங் உயரமாக நிற்கிறது. "தானாகத் தேய்ந்துவிடும்" என்று காத்திருந்தால் தேய்வதற்கு முன் பல் நொந்துபோகும்.

ரூட் கேனால்

குளிர்ச்சியை எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலி, சூடு பட்டால் வலி, படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கும் வலி ஆகியவை பல்லின் உள்ளே இருக்கும் கூழ் மீளாத நிலைக்குப் போய்விட்டதைக் காட்டும். திடீரென்று வலி நின்றுபோவது நல்ல செய்தியில்லை, பெரும்பாலும் கூழ் செத்துப்போனதன் அடையாளம். ஆன்டிபயாடிக் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்வதால் பயனில்லை. ரத்த ஓட்டமே இல்லாத பல்லுக்குள் மருந்து போய்ச் சேராது.

ரூட் கேனால் சிகிச்சையில் பல்லின் மேல் சின்னத் துளை போட்டு, வேருக்குள் ஓடும் கால்வாய்களைக் கண்டுபிடித்து, கருவியாலும் எக்ஸ்ரேயாலும் நீளம் அளந்து, மெல்லிய அரங்களால் அகலப்படுத்தி, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் அலசி, கடைசியில் ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சாவால் அடைப்பார்கள். அரத்தைவிட அலசுவதுதான் கிருமியை அதிகம் கொல்கிறது. இந்தத் திரவம் வேர் நுனியைத் தாண்டினாலோ வாய்க்குள் கசிந்தாலோ புண்ணாக்கும், ரப்பர் ஷீட் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதில் சமாதானமே சொல்ல முடியாது. அரம் தவறி விழுந்தால் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம்.

முடிந்ததும் கடைசி எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக் கோடாகத் தெரியும் அடைப்பு வேர் நுனிக்கு 2 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல்லில் நான்காவதாக ஒரு கால்வாய் இருப்பது வழக்கம். கண்ணுக்கு எளிதில் படாததால் அது விடுபட்டு, மாதங்கள் கழித்து அதே பல் மறுபடி வீங்கும். "எத்தனை கால்வாய் கிடைத்தது?" என்று கேட்பதில் தவறே இல்லை.

இரண்டு மூன்று நாள் கடித்தால் நோவு இருக்கும். ஆனால் வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினால், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமானால், காய்ச்சலும் சேர்ந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி நின்றதும், நிரந்தர ஃபில்லிங்கும் கேப்பும் போட்டுக்கொள்ளப் பலர் திரும்பி வருவதில்லை. நல்ல ரூட் கேனாலை வீணாக்குவதற்கு இதைவிட வேறு வழி தேவையில்லை. தற்காலிக ஃபில்லிங் சில வாரத்தில் தேய்ந்து கசியும், கிருமி மறுபடி உள்ளே போகும். துளை போட்டு, சொத்தையும் தின்ற கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்தால், அதுவும் வேர்வரை பிளந்தால், பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கேப்

பல்லைச் சுற்றிலும் 1 முதல் 1.5 மி.மீ.யும் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ.யும் செதுக்குவார்கள். உலோகமோ ஜிர்கோனியாவோ என்றால் இதைவிடக் குறைவாகப் போதும். நிரந்தர கேப் செய்து வரும்வரை மாட்டும் தற்காலிக கேப்பை அலட்சியப்படுத்தாதீர்கள். அது கழன்று ஒரு வாரம் அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, செய்து வந்த கேப் உட்காராது. அந்த நாள்களில் ஃபிளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள்.

உலோகத்தின் மேல் செராமிக் பூசிய கேப், ஈறு இறங்கும்போது ஓரத்தில் சாம்பல் கோடு காட்டும். முன்பல்லுக்கு முழு செராமிக்தான் மேல்.

சிமென்ட் போடுவதற்கு முன் சும்மா மாட்டிப் பார்ப்பார்கள். உங்கள் கையில் இருக்கும் நேரம் அதுதான். ஜன்னலோரம் போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள், அறை விளக்கு ஏமாற்றும். கடியையும் நூலையும் மேலே சொன்னபடியே சோதியுங்கள். ஒட்டிய பின் ஈறோரம் வழிந்த சிமென்ட்டை முழுக்க எடுத்தார்களா என்று கேளுங்கள். மிச்சம் இருந்தால் ஈறு சிவந்து ரத்தம் வந்துகொண்டே இருக்கும்.

வெண்மையாக்கலும் வெனீரும்

வீட்டில் டிரே மாட்டிச் செய்வது நிதானமானது: 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல், ஏறக்குறைய இரண்டு வாரம். பல் ஒன்றுக்கு ஒரு சிறு துளி போதும். வழிந்து ஈறில் படும் ஜெல் வெள்ளையாகப் பொசுக்கும், உடனே துடைத்துவிடுங்கள். கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வையுங்கள், பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட்டும் உதவும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் வெளுக்கக் கேட்காதீர்கள். அடிபட்டு உள்ளே செத்த பல்லாக இருக்கலாம், முதலில் எக்ஸ்ரே.

எலுமிச்சையும் கரித்தூளும் தேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் டென்டின் இன்னும் நன்றாகத் தெரியும். எதற்காகத் தேய்த்தார்களோ அதற்கு நேர் எதிர்.

வெனீர் என்பது பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய ஓடு, அதற்கு அரை மி.மீ. அளவில் எனாமலைச் செதுக்க வேண்டியிருக்கும். செதுக்கியது திரும்பி வளராது, ஆயுளுக்கும் அந்தப் பல்லுக்கு ஏதாவது மூடி வேண்டும். பல் வரிசை கோணலாக இருப்பதற்கு வெனீர் போடுவதைவிட, கம்பி போட்டு வரிசைப்படுத்திவிட்டு மிச்சக் குறையைப் பார்ப்பது நல்லது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு இரவில் மாட்டும் கார்டு இல்லாமல் வெனீர் போடுவது காசைக் கரியாக்குவது.

பிடுங்கிய பின்

துணிப் பஞ்சை 30 முதல் 45 நிமிடம் இறுக்கிக் கடியுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காதீர்கள். ஒரு நாள் துப்புவது, கொப்பளிப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, புகைப்பது எதுவும் கூடாது. உறைந்த ரத்தம்தான் குழிக்கு மூடி. அது பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும், அதற்கு மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீர் மறுநாளிலிருந்து.

ஃபுளோரைடும் சீலன்ட்டும்

பேஸ்ட் டியூபில் ஃபுளோரைடு அளவைப் படியுங்கள்: 1000 முதல் 1500 பி.பி.எம் வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு. துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கூடவே போய்விடும். சொத்தை அதிகம் விழுபவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் தடவலாம். தடவிய அன்று பல் மஞ்சளாகப் பிசுபிசுக்கும், அதைச் சுரண்டாமல் மறுநாள் துலக்குங்கள்.

ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். பால்பல்தானே என்று விட்டுவிடுவதால் முதலில் சொத்தையாவதும் அதுதான். அதன் ஆழமான பள்ளங்களைச் சீலன்ட்டால் மூடிவிடலாம், ஊசியும் டிரில்லும் இல்லை. பன்னிரண்டு வயதில் வரும் அடுத்த பல்லுக்கும் அப்படியே. பூசி முடித்ததும் மருத்துவர் கூர்க்கம்பியால் ஓரத்தை நெம்பிப் பார்க்க வேண்டும். பெயர்ந்து வந்தால் எச்சில் பட்டிருக்கிறது, அப்போதே மறுபடி பூசச் சொல்லுங்கள். அடுத்தடுத்து வரும்போதும் அதே சோதனை தேவை. பாதி உடைந்த சீலன்ட்டின் ஓரத்தில் உணவு தங்கும், சொத்தையும் அங்கிருந்துதான் தொடங்கும்.