ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால்: போர்ட்டோவில் நிதானமாக நான்கு நாள்

போர்த்துகலின் போர்ட்டோ நகரத்தை வரைபடத்தில் பார்த்தால் எல்லா இடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். ரயில் நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்குப் பத்து நிமிட நடை, அங்கிருந்து பாலம் ஐந்து நிமிடம். தூரம் சரிதான். மேடு பள்ளம் வரைபடத்தில் தெரியாது, அவ்வளவுதான். டோரோ ஆற்றின் வடகரையில் செங்குத்தாக எழும் பாறைச் சரிவில் கட்டிய ஊர் இது. காலையில் உற்சாகமாக ஆற்றங்கரைக்கு இறங்கிவிட்டு மதிய வெயிலில் அதே படிகளில் ஏறுபவர்களின் முகத்தைப் பார்த்தால் புரியும்.

நான் போனது அம்மாவுடன். அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி உண்டு. அதனால் கிளம்பும் முன்பே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: மேலே ஏறும்போதெல்லாம் வண்டி, கீழே இறங்கும்போது மட்டும் நடை. காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவில் நல்ல சாப்பாடும் ஓய்வும். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். முதல்முறை வெளிநாடு போகிறவர்கள் அப்படியே பின்பற்றும்படி வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: காலமும் விசாவும்

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. அக்டோபர் கடைசியிலிருந்து மழை பிடித்துக்கொள்ளும். இங்கே நடைபாதையெல்லாம் சின்னச் சின்னக் கல் பதித்தது, நனைந்தால் வழுக்கும். எந்த மாதம் போனாலும் நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஜூன் 23 இரவு சாவ் ஜுவாவ் திருவிழா. ஊரே தெருவில் இறங்கி, பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் தலையில் ஒருவர் செல்லமாகத் தட்டிக்கொள்ளும். பார்க்க வேண்டிய விழா. ஆனால் நிதானமான பயணம்தான் நோக்கம் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, தேவை. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். லிஸ்பன் வழியாக வருகிறவர்களுக்கு அங்கிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். ரயில் நிற்பது கம்பன்யா நிலையத்தில். அதே டிக்கெட்டில் உள்ளூர் ரயில் ஏறி ஊர் நடுவில் இருக்கும் சாவ் பென்டோவுக்கு வந்துவிடலாம்.

படி 2: மேட்டில் தங்குங்கள்

ஆற்றங்கரையில், ரிபெய்ராப் பகுதியில் அறை எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். படங்களில் வரும் மஞ்சள், சிவப்பு வீடுகள் அங்கேதான் இருக்கின்றன. வேண்டாம். அங்கே தங்கினால் ஒவ்வொரு நாளும் ஏற்றத்தில்தான் தொடங்கும். திரிந்தாத், பொல்யாவ் மெட்ரோ நிலையங்களைச் சுற்றி அறை பாருங்கள். ஊரின் மேல்பகுதி அது, ஓரளவு சமதளம். ஐந்து மெட்ரோ வழிகளும் விமான நிலைய வண்டியும் அங்கே வருகின்றன.

முன்பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பார்கள், குறுகலான மரப்படிதான் இருக்கும். எங்கள் வீட்டுக்கார அம்மா சாவியை நீட்டி "ஷாவ்" என்றார். அந்தச் சொல்தான் நம் ஊருக்கு வந்து சாவி ஆனது. ஜன்னல், மேசை, அலமாரி எல்லாமே போர்த்துகீசியரோடு கப்பலேறி வந்தவை.

படி 3: மெட்ரோ அட்டை

விமான நிலையத்திலேயே ஆண்டான்டே என்ற அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், இரண்டு பேர் ஒன்றைப் பகிர முடியாது. விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு நான்கு மண்டலப் பயணம் தேவை, ஊருக்குள் சுற்ற இரண்டு மண்டலம் போதும். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் நடைமேடையில் நிற்கும் மஞ்சள் கருவியில் அட்டையைக் காட்ட வேண்டும், வண்டி மாறும்போதும்கூட. தடுப்புக் கதவு எதுவும் இல்லாததால் மறந்துவிடுவது சுலபம். பரிசோதகர் வந்தால் அபராதம்.

படி 4: முதல் நாள், ஓடுகளைப் பாருங்கள்

வந்து சேர்ந்த அன்று பாதி நாள்தான் மிஞ்சும். அதைச் சாவ் பென்டோ ரயில் நிலையத்துக்குக் கொடுங்கள். டிக்கெட் தேவையில்லை, இன்றும் ரயில் ஓடும் நிலையம். முன்கூடத்தின் சுவர் முழுக்க சுமார் 20,000 ஓடுகள். பெரும்பாலும் வெள்ளைப் பரப்பில் நீலத்தில் தீட்டியவை. அசுலேஜு என்பார்கள். ஜோர்ஜ் கொலாசு என்ற ஓவியர் வரைந்தது, நிலையம் 1916இல் திறந்தது.

பெரும்பாலானவர்கள் நடுவில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் சுவர் அருகே போங்கள். ஒவ்வோர் ஓடும் உள்ளங்கையளவு சதுரம். பக்கத்தில் பார்த்தால் ஒன்றில் குதிரையின் கண் மட்டும், அடுத்ததில் கடிவாளத்தின் பாதி, இன்னொன்றில் வெறும் மேகம். நான்கடி பின்னால் நகர்ந்தால் அத்தனையும் சேர்ந்து ஒரு படையாகிறது. இரண்டு காட்சிகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ஒன்றில் முதலாம் ஜுவாவ் மன்னர் 1387இல் இங்கிலாந்து இளவரசி ஃபிலிப்பாவை மணக்க இந்த ஊருக்குள் நுழைகிறார். இன்னொன்றில் 1415இல் ஆப்பிரிக்கக் கரையில் சேயுட்டாக் கோட்டை பிடிபடுகிறது. முதல் கதை முடிந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது: அந்தக் கல்யாணம் நடந்த சே பேராலயம். அதன் முற்றத்தில் நின்றால் ஓட்டுக்கூரைகள் ஆறுவரை படிப்படியாக இறங்குவது தெரியும். இரண்டாவது கதை உங்கள் தட்டுக்கு வரும், சொல்கிறேன்.

படி 5: சாப்பாடு கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படிக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். போர்ட்டோவில் பாதி சுகம் சாப்பாட்டில்தான்.

முதல் இரவு ஓர் உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், ஒரு சின்ன சீஸ் வந்தன. உபசாரம் என்று நினைத்துச் சாப்பிட்டோம். பில்லில் ஒவ்வொன்றுக்கும் விலை. ஏமாற்றிவிட்டார்களோ என்று மனம் சுருங்கியது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, இது நாடு முழுவதும் உள்ள வழக்கம். தொட்டால்தான் காசு. வேண்டாமென்றால் வைக்கும்போதே "நாவ், ஒப்ரிகாடோ" என்று சொல்லுங்கள், எடுத்துப் போய்விடுவார்கள். பெண்கள் ஒப்ரிகாடா என்று முடிக்க வேண்டும். நன்றி என்று பொருள்.

அடுத்து அளவு. பல கடைகளில் ஒரு முழு அளவு இரண்டு பேருக்குத் தாராளமாக வரும். "மெய்யா டோஸ்" என்று கேட்டால் பாதி அளவு கிடைக்கும். மதியத்தில் "பிராட்டோ டோ டியா", அதாவது அன்றைய சாப்பாடு, விலையும் குறைவு, சமையலும் புதிது. மதிய உணவு பன்னிரண்டரைக்கு மேல், இரவு உணவு ஏழரைக்கு மேல். நடுவில் நல்ல உணவகங்கள் பலவும் சமையலறையை மூடியிருக்கும். அந்த நேரத்தில் தேநீர்க்கடையில் பாஸ்டல் டி நாட்டா சாப்பிடுங்கள். முட்டைப் பாலேடு நிரப்பிய சின்னப் பணியாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பட்டைத்தூள் தூவி, சூடாக இருக்கும்போதே.

சரி, சேயுட்டாக் கதை. படையெடுப்புக்குக் கிளம்பிய கப்பல்களுக்கு ஊர் மக்கள் இருந்த இறைச்சியையெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த குடலை வைத்துச் சமைத்தார்கள் என்று இங்கே சொல்வார்கள். அதுதான் திரிபாஸ், வெள்ளை மொச்சையோடு வேகவைத்த குடல் குழம்பு. இந்த ஊர்க்காரர்கள் தங்களைத் திரிபெய்ரோ, அதாவது குடல் தின்பவர், என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். குடல் குழம்பு பிடித்தவர்களுக்கு இது சொந்த வீட்டுச் சாப்பாடுபோல இருக்கும். காரம் மட்டும் கம்மி. பிரி பிரி என்று கேட்டால் மிளகாய் எண்ணெய் தருவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: காய்கறி சூப் எல்லாக் கடையிலும் உண்டு. ஆனால் கால்டோ வேர்டே என்ற கீரை, உருளைக்கிழங்கு சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். "செம் கார்ன்", இறைச்சி வேண்டாம், என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 6: இரண்டாம் நாள், சந்தை

பொல்யாவ் சந்தைக்குக் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். 1914இல் தொடங்கிய கட்டடம், பெரிய சீரமைப்புக்குப் பிறகு 2022இல் மறுபடி திறந்தது. ஞாயிறு விடுமுறை.

அங்கே பகல்யாவ் விற்கும் கடை முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். காட் மீனைப் பிளந்து, உப்பிட்டு, காயவைத்தது. பட்டம்போல விரிந்து, தட்டினால் மரப்பலகைபோலச் சத்தம் வரும். மேலே உப்பு பொரிந்திருக்கும். அம்மா முகர்ந்து பார்த்ததுமே, "கருவாடுதானே!" என்றார். ஆமாம், அதேதான். இந்த மீன் போர்த்துகீசியக் கடலில் கிடைப்பதில்லை, வட அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது. ஆனாலும் நாட்டின் மனதுக்கு மிக நெருங்கிய சாப்பாடு இதுதான். ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கியபிறகே சமைப்பார்கள். போர்ட்டோவுக்கே உரியது கோமெஸ் டெ சா முறை: மீன் உதிரி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், மேலே அவித்த முட்டை. முதல் முறை சாப்பிடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சந்தையை விட்டு வெளியே வந்தால், ஒரு தெருமுனையில் வெளிச்சுவர் முழுக்க நீல ஓடு பதித்த அல்மாஸ் சிற்றாலயம். மதியம் பிரான்சிஸின்யா. ரொட்டிக்கு நடுவில் மாட்டிறைச்சி, பன்றித் தொடைக்கறி, சாசேஜ், மேலே சீஸ் போர்த்தி, தக்காளியும் பியரும் சேர்ந்த சாறு ஊற்றித் தருவார்கள். 1950களில் பிரான்ஸிலிருந்து திரும்பிய ஒருவர் இங்கே தொடங்கிவைத்தது. இருவருக்கு ஒன்று போதும். இறைச்சி இல்லாத வகையும் சில கடைகளில் உண்டு. சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

கிளேரிகோஸ் கோபுரம் 75 மீட்டர், இருநூறு படிகளுக்கு மேல். கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள். லெல்லோ புத்தகக் கடைக்கு முன்பதிவு இல்லாமல் போனால் வரிசையிலேயே மாலை போய்விடும்.

படி 7: மூன்றாம் நாள், பாலமும் பீப்பாயும்

ஊரிலேயே அழகான நாள் இது. விதியையும் முழுதாகப் பயன்படுத்தலாம். சாவ் பென்டோவில் மஞ்சள் மெட்ரோ ஏறி அடுத்த நிலையமான ஜார்டிம் டோ மோரோவில் இறங்குங்கள். ஒரே நிறுத்தம்தான். ஆனால் அந்த வண்டி 1886இல் திறந்த லூயிஸ் பாலத்தின் மேல்தட்டில் போகிறது. பாலத்தை வடிவமைத்த சேரிக், ஈஃபில் கோபுரப் புகழ் ஈஃபிலோடு பங்குதாரராக இருந்தவர். இரும்பு வளைவின் உச்சியில் மெட்ரோ மெதுவாக ஊர்ந்து போகும், நடந்து போகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அங்கிருந்து எதிர்க்கரை ஊரான கையாவின் ஆற்றங்கரைக்குக் கேபிள் காரிலோ நடந்தோ இறங்கலாம். கீழே வரிசையாகப் போர்ட் ஒயின் கிடங்குகள். ஆற்றின் மேற்பகுதி மலைச்சரிவில் விளையும் திராட்சையில் செய்து, முன்பெல்லாம் ரபேலோ என்ற தட்டையான படகுகளில் இங்கே கொண்டுவருவார்கள். திராட்சைச் சாறு முழுதாகப் புளிக்கும் முன்பே திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பை நிறுத்திவிடுவதால்தான் அந்த இனிப்பு. குடிக்காதவர்களும் கிடங்கைச் சுற்றிப் பார்க்கலாம். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, நனைந்த மரமும் உலர்திராட்சையும் கலந்த வாசனை. வழிகாட்டிப் பெண் பெரிய மரப்பாத்திரம் ஒன்றைக் காட்டி, "இதற்குப் பீப்பா என்று பெயர், 550 லிட்டர் பிடிக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பி, "பீப்பாய்னா சொல்றா?" என்றார். நம் பீப்பாய்க்குத் தாய்ச்சொல் அதுதான். அதற்குப் பிறகு அந்தச் சுற்று முடியும்வரை வழிகாட்டியின் பக்கத்திலேயே நடந்தார்.

மதியம் கையாவிலேயே சாப்பிட்டுவிட்டு, பாலத்தின் கீழ்த்தட்டு வழியாக ரிபெய்ராவுக்கு நடந்து வாருங்கள். சமதளம்தான். கரையோரத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். மேலே ஏறப் பாலத்தின் பக்கத்திலேயே கிண்டாய்ஸ் இழுவை ரயில் இருக்கிறது. அதற்குத் தனிச் சீட்டு. இரண்டு மூன்று நிமிடத்தில் பட்டாலியாப் பகுதிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

படி 8: நான்காம் நாள், கடல்

ஊர் நடுவிலிருந்து 500ஆம் எண் பேருந்து ஆற்றை ஒட்டியே போய்க் கடலைத் தொடும். போகும்போது இடப்பக்க ஜன்னல் இருக்கையைப் பிடியுங்கள். ஃபோஸ் பகுதியில் இறங்கினால் டோரோ அட்லாண்டிக்கில் கலக்கும் முகத்துவாரமும் கலங்கரை விளக்கமும் தெரியும். அலை பெரிதாக இருக்கும் நாளில் தடுப்புச் சுவர்மேல் நடக்காதீர்கள், ஆளை இழுத்துவிடும். கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், கால் நனைக்கப் போதும்.

அப்புறம் அதே பேருந்தில் மடோசின்யோஸ். மீனவர் ஊர். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ஒவ்வோர் உணவகமும் வாசலிலேயே கரியடுப்பு வைத்து மீன் சுடுகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மத்தி நெய் வைத்திருக்கும் பருவம். கல்லுப்பு மட்டும் தூவி முழு மீனாகச் சுட்டு, அவித்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை படகுகள் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை, அதனால் திங்களன்று இங்கே வராமலிருப்பது நல்லது. கத்தி, முள்கரண்டியோடு போராட வேண்டாம். பக்கத்து மேசைக்காரர்கள் மீனை ரொட்டிமேல் வைத்துக் கையால்தான் பிரித்தார்கள், நாங்களும் அப்படியே. ரொட்டியில் ஊறிய மீன் நெய்யைக் கடைசியில் சாப்பிட மறக்காதீர்கள்.

திரும்ப நீல மெட்ரோ நேராகத் திரிந்தாத்துக்கு வருகிறது. மறுநாள் விமானத்துக்கு அங்கிருந்தே ஊதா வண்டி, சுமார் அரை மணி நேரம். அட்டையில் மறுபடி நான்கு மண்டலம் ஏற்ற வேண்டும். அதை முந்தின இரவே செய்துவிடுங்கள், காலையில் இயந்திரத்தின் முன்னால் பெட்டிகளோடு ஒரு கூட்டம் நிற்கும்.