தராசு புதுசு, கொப்பி பழசு: தோட்டத்தில் மாற்றம் செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கம்பனிதானே கேட்டது, பிறகு ஏன் இழுத்தடிக்கிறார்கள்?" இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்க மின்னணுத் தராசைப் பழக்கப்படுத்த அனுப்பப்படும் இளம் உத்தியோகத்தர்கள் இரண்டாம் மாதத்தில் கேட்பது இதைத்தான். அதற்குள் பாதிப் பேருக்கு வேலையே வெறுத்துவிடுகிறது. நேரத்துக்குப் போவது, மலைக்கு ஏற்ற சப்பாத்துப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

பழையதை நிறுத்தும் திகதி இல்லாமல் தொடங்குவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல்தான். கம்பனி கேட்டது புதுத் தராசு. கையால் நிறை எழுதும் கொப்பியை விடுவதாக அது எங்கும் சொல்லவில்லை. "கொஞ்ச நாளைக்கு ரெண்டும் ஓடட்டும் தம்பி" என்பார் பெரிய கிளாக்கர். புதியவர் தலையாட்டுவார். அன்றோடு கதை முடிந்தது.

பிறகு கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நடப்பது இது. தராசு 9.4 கிலோ காட்டும். சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று கழித்து, மிச்சப் புள்ளியையும் விட்டு, கொப்பியில் 7 விழும். சம்பளம் கொப்பிப்படி. நாளுக்கு மூன்று நிறுவை. ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ அநியாயமாகப் போனால் 25 நாளில் 75 கிலோ. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபின் பல தோட்டங்களில் முழுப் பேருக்கான (முழு நாட்சம்பளத்துக்கான) கிலோவைப் பற்றியே சண்டை. குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாட்சம்பளம். தராசு அந்தக் கழிவை எல்லோர் கண்ணிலும் காட்டுகிறது. இழுத்தடிப்புக்குக் காரணம் அதுதான். பெட்டரியும் சிக்னலும் சும்மா சாட்டு.

காலமும் ஏமாற்றும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில், கொழுந்து குறைவு. வரிசை சின்னது, தராசு அழகாக ஓடும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவிய, "இன்னைக்கு மட்டும்" என்று கொப்பி திரும்பி வரும். ஜூன் மழையில் ஈரத்துக்காகக் கழிக்கும் அளவு மறுபடி கண்மதிப்புக்குப் போய்விடும்.

ஆகவே தொடங்குமுன் ஒரே தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள்: கொப்பி மூடும் திகதி (இரண்டும் சேர்ந்து ஓடுவது இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம்); சம்பளக் கணக்குக்கு எந்த நிறை செல்லும்; காய்ந்த சாக்கு எவ்வளவு, நனைந்த சாக்கு எவ்வளவு; ஈரத்துக்கான கழிவை யார், எந்த அளவில் தீர்மானிப்பது. கீழே துரையின் (தோட்ட முகாமையாளரின்) கையெழுத்து. அவர் மறுத்தால் அதுவே பதில். தராசை லொறியிலிருந்து இறக்காதீர்கள்.

கணக்கப்பிள்ளையைக் கடைசியில் பார்ப்பது

மலையில் வேலையை மேற்பார்க்கும் அவரை முதலில் பாருங்கள்.

பிரட்டில் அறிவிப்பது

பிரட்டு என்பது வேலைக்குமுன் எல்லோரும் கூடும் இடம். காலையில் எல்லோருக்கும் மலைக்குப் போகும் அவசரம். யார் காதிலும் விழாது. மாலை நிறுவையின்போது வெறும் சாக்கைத் தராசில் வைத்துக் காட்டுங்கள்.

வேலையின் பயனை அறிக்கையில் தேடுவது

அறிக்கை கொழும்புக்குப் போய் அலுமாரியில் தூங்கும். அதை வைத்து உழைப்பை அளந்தால் மனம் விட்டுப்போகும். மடுவத்தில் நின்று எண்ணுங்கள்: தன் நிறையைத் தானே வாசிப்பவர்கள் எத்தனை பேர், கழிவைக் கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர், நிறுவைத் துண்டுகளைச் சேர்த்துவைத்து மாதச் சம்பளத்தோடு கூட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர். தராசைப் பழுதென்று ஓரங்கட்டினாலும், கேட்டுப் பழகியவர் கேட்பார்.

தலைவரைத் தவிர்ப்பது

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரையும் மாதர் சங்கத் தலைவியையும் ஒதுக்கினால், முதல் மழை நாளிலேயே அது "கம்பனித் தராசு" ஆகிவிடும். சாக்கு நிறுக்கும்போது கூப்பிடுங்கள். இரண்டு சங்கம் இருந்தால் இரண்டு பக்கத்தாரையும்.