"இண்டைக்கு மட்டும் நிக்கட்டும்": பள்ளி உளவளத்துணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சி முடித்துப் பாடசாலைகளில் உளவளத்துணைக்கு இறங்கும் புதியவர்களிடம் ஆண்டுதோறும் அதே தவறுகள்தான். இரகசியம் காப்பது, குறுக்கே பேசாமல் கேட்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிள்ளையை வீட்டில் நிறுத்தச் சொல்வது

இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். புலமைப்பரிசில் எழுதிப் பெரிய பள்ளிக்கூடத்தில் தரம் 6இல் சேர்ந்த பிள்ளை. ஞாயிறு பின்னேரமே வயிற்றுக்குத்து தொடங்குகிறது. திங்கள் காலை சீருடை போட்டதும் சத்தி. "சரி பிள்ளை, இண்டைக்கு நில்லு, நாளைக்குப் போவம்" என்கிறார் அம்மா. எட்டரைக்கெல்லாம் குத்து நின்று, ரீவிக்கு முன்னால் இருந்து இடியப்பம் சாப்பிடுகிறது.

பிள்ளை நடிக்கவில்லை. வலி உண்மையானது. போகத் தேவையில்லை என்றதும் பயம் இறங்குகிறது, கூடவே வலியும். அந்த நிம்மதிதான் பரிசு. உளவியலாளர் ஸ்கின்னர் விளக்கிய எதிர் மீளவலியுறுத்தல் இதுவே: வேதனையை நீக்கிய நடத்தை பலப்படும். ஆகவே செவ்வாய் காலை மறுப்பு இன்னும் கூடும்.

இந்த நேரத்தில் "கொஞ்ச நாள் ஓய்வு குடுங்கோ" என்கிறார் புதியவர். ஒரு கிழமை மாதமாகிறது. பாடம் பிந்துகிறது, "ஏன் வரேல்லை?" என்று கேட்பார்களே என்ற புதுப் பயமும் சேர்கிறது.

மூன்று நாள் உறுதியாக நின்றுவிட்டு நாலாம் நாள் அழுகையின் உச்சத்தில் விட்டுக்கொடுப்பது இதைவிட மோசம். இடைக்கிடை பலன் கிடைத்த பழக்கத்தை அழிப்பது மிகக் கடினம். இன்னும் பலமாக அழுதால் வெல்லலாம் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

முதலில் வைத்தியரிடம் காட்டி உடல் நோய் இல்லையென்று உறுதிசெய்யுங்கள். பிறகு பள்ளியில் அடி, பகிடி, பயன்படுத்த முடியாத மலசலகூடம் ஏதும் உண்டா என்று விசாரியுங்கள். காரணம் அங்கே இருக்க, அதைத் திருத்தாமல் பிள்ளையை அனுப்புவது கொடுமை.

அதன்பின் படிகள். பயத்தை 0 முதல் 10 வரை பிள்ளையே அளக்கட்டும். 3 என்று சொல்லும் படியில் தொடங்குங்கள்: சீருடையோடு கேற் வரை. அடுத்தது நூலகத்தில் ஒரு பாடவேளை, பிறகு பிடித்த ரீச்சரின் வகுப்பு. ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகும் வரை அங்கேயே நிற்க வேண்டும். உச்சத்தில் திரும்பினால் பழைய நிம்மதிப் பரிசுதான். வீட்டில் நிற்கும் நேரத்தில், பள்ளி விடும் 1.30 வரை, போனும் ரீவியும் வேண்டாம். அழுகைக்கு இளகாத மாமாவோ சித்தியோ கூட்டிப்போனால் நல்லது.

அவசரப்பட்டு மனச்சோர்வு என்று எழுதுவது

மனச்சோர்வு என்று சொல்ல, அதற்கென வகுத்த ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு கிழமை நீடித்து, அன்றாட வாழ்வைக் குழப்ப வேண்டும். அவற்றில் ஒன்று சோர்ந்த மனநிலையாகவோ ஆர்வமிழப்பாகவோ இருக்க வேண்டும். சிறுவர்களிடம் சோர்வு எரிச்சலாகவும் தெரியலாம். நோய் நிர்ணயம் மனநல வைத்தியரின் வேலை.

பியாஜேயின் வயதுகள்

பிள்ளையின் சிந்தனை படிநிலைகளாக வளர்கிறது என்றார் உளவியலாளர் பியாஜே. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மாறும் வயதுகளான 2, 7, 11 எல்லாம் அண்ணளவானவை. பிந்தும் பிள்ளையை "குறை" என்று குறிக்காதீர்கள்.

தற்கொலை பற்றிக் கேட்கத் தயங்குவது

நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டார் அகற்றட்டும். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926, 24 மணிநேரமும் எடுக்கலாம்.