போட்டிக்குச் சிறுகதை அனுப்புவது எப்படி? கதை எழுதி முடித்தவர்களுக்கு மட்டும்

கதை எழுதுவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. கதை தயார், எழுத்தாளர் குழுவின் போட்டிக்குக் கெடு நெருங்கிவிட்டது, இனி கோப்பை என்ன செய்வது என்று முழிப்பவர்களுக்கான குறிப்பு இது.

1. விதிகள்

அறிவிப்பில் மூன்றைத் தேடுங்கள்: சொல் வரம்பு, "பிரசுரமாகாத கதை" என்று கேட்கிறார்களா, உங்கள் பெயர் எங்கே இருக்கவேண்டும். முகநூலில் போட்ட கதையையும் பிரசுரமானதாகவே எடுத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. சந்தேகமா, அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தொகுப்பில் ஒருமுறை வெளியிட அனுமதி கேட்பது நியாயம். பதிப்புரிமை முழுவதையும் எழுதிக்கொடு என்றால், நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

2. சொல் எண்ணிக்கை

கணினி எண்ணுவது இடைவெளிகளை வைத்துத்தான். 'போய்க்கொண்டிருந்தான்' ஒரு சொல். அதையே 'போய்க் கொண்டு இருந்தான்' என்று பிரித்தால் மூன்று. வரம்பை ஒட்டிப் போகிறவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள், கதையில் கைவைப்பதெல்லாம் அப்புறம். வேர்டில், இருபுறமும் இடம் விட்டுத் தனியாக நிற்கும் சிறுகோடும் ஒரு சொல்லாகக் கணக்கில் ஏறும்.

3. எழுத்துரு (நேரத்தை விழுங்குவது இதுதான்)

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கும். எனவே எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். மாற்றிகள் பல கிடைக்கின்றன, என் தேர்வு என்ஹெச்எம் கன்வர்ட்டர்.

மாற்றியதோடு வேலை முடியாது. 'மௌனம்' என்பதைப் பாருங்கள். சரியான யூனிகோடில் அந்த ஔகாரக் குறி ஒரே குறியீடு. ஆனால் மாற்றிய கோப்பிலும் அவசரத் தட்டச்சிலும் அது ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக, 'மெளனம்' என்று உட்கார்ந்திருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தொகுப்புக்கு வேறு எழுத்துருவில் பக்கம் அமைக்கும்போது பல் இளிக்கும்.

சரி, கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம்! 'தெளிவு' போய் 'தௌிவு' வந்து நிற்கும், 'வெள்ளம்' சிதையும். கெள, மெள, பெள, செள என்று ஒவ்வொன்றாகத் தேடி, கண்ணால் பார்த்து மாற்றுங்கள். 'மெள்ள' வந்தால் தொடாமல் விடுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. அதில் ஔகாரத்துக்குத் தனி விசை உண்டு, தவறாகத் தட்டத்தான் மெனக்கெட வேண்டும். ஆங்கில ஒலிப்பில் தட்டிப் பழகியவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

4. பெயரை எடுப்பது

நடுவருக்கு எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது என்றால், கதையின் தலைப்பில் பெயரை அழித்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட் என்று போய் நீக்குங்கள். லிப்ரே ஆபீஸில் ஃபைல், ப்ராப்பர்டீஸ். நண்பரிடம் படிக்கக் கொடுத்து வாங்கியிருந்தால் ஓரக் குறிப்புகளையும் அழியுங்கள், அவற்றில் அவர் பெயர் இருக்கும். கோப்புக்குக் கதையின் தலைப்பையே பெயராக வையுங்கள்.

5. அனுப்புவது

பிடிஎஃபா, வேர்டா என்று அவர்கள் சொல்லாவிட்டால் வேர்டுதான். பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிப்போவது வழக்கம், பக்கம் அமைப்பவர் பாவம். உங்கள் பெயர், முகவரி, கதைத் தலைப்பு மூன்றையும் மின்னஞ்சலில் எழுதுங்கள். அனுப்புமுன் அதே கோப்பை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து ஒரு பக்கமாவது படியுங்கள்.

பின்சேர்க்கை: கைபேசியிலேயே கதை எழுதுகிறவர்கள் சிலர் கேட்டதால் இது. வாட்ஸ்அப்பில் தட்டிய கதையை நகலெடுத்து ஒட்டும்போது, தடித்த எழுத்துக்காகப் போட்ட நட்சத்திரக் குறிகளும் கூடவே வரலாம். முன்பு சொன்ன ஔகாரத் தேடலோடு அவற்றையும் தேடி எடுத்துவிடுங்கள்.